ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

எனக்கு லிஃப்ட் ஆகாது, டாக்டர். அதனால்தான் பத்து நிமிடம் தாமதம். நாலு மாடியும் படியேறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் பயம், பல்லியைப் பார்த்தால் பயம், கல்யாணம் செய்துகொள்ளக்கூடப் பயம். பள்ளிக்கூட வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டவள் அக்காதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

நீங்கள் இந்த மறதி நோயாளர் இல்லத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அக்காவின் ஃபைலைப் புரட்டி, அவளைச் சோதித்தும் பார்த்துவிட்டீர்கள். "மாத்திரைக் கணக்கு, காய்கறிக் கணக்கெல்லாம் டக்குனு சொல்றாங்க. வட்டின்னு சொன்னா மட்டும் கை நடுங்குது, பென்சிலைக் கீழ வச்சிடறாங்க. ஏன் சார்?" என்று போனில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அக்கா இங்கே இருக்கும் இந்த மூன்று வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. நேற்று முழுக்க யோசித்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டால் நீங்களும் என் பக்கம் வந்துவிடுவீர்கள் என்று பட்டது. அதனால் சொல்கிறேன்.

நான் போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன். கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் பயிற்சி மையம். குமாஸ்தா வேலைக்குப் படிக்கிறவர்கள் வருவார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. ஒரு விடைத்தாளையும் திருத்தாமல் தரமாட்டேன், தவறாகத் திருத்தியும் தரமாட்டேன். அதாவது, ஒருத்தியின் தாளைத் தவிர.

அத்தான் வேலை பார்த்த ஆலையில் கொதிகலன் வெடித்து அவர் போய்விட்டார். நஷ்டஈடு முப்பது லட்சம். பிள்ளைகுட்டி இல்லை. காசோலையை வாங்கிய கையோடு அக்கா என்னிடம் நீட்டினாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுடா. நீயே பாத்துக்கோ" என்றாள். பத்து லட்சத்தை வங்கியில் ஆறு சதவீதத்துக்கும், இருபது லட்சத்தை ஒரு நிதி நிறுவனத்தில் பன்னிரண்டு சதவீதத்துக்கும் போட்டிருப்பதாக அவளிடம் சொன்னேன். வங்கியில் பத்து போட்டது உண்மை. நிறுவனத்தில் போட்டது பதினைந்துதான். மீதி ஐந்து லட்சத்தில் மையத்துக்கு பெஞ்சுகள், கரும்பலகை, வகுப்பையும் அலுவலகத்தையும் பிரிக்கும் பிளைவுட் தடுப்பு எல்லாம் வாங்கினேன்.

திருட்டு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்துக்கும் வங்கி கொடுக்கிற அதே ஆறு சதவீதத்தை என் சட்டைப்பையிலிருந்து போட்டுக் கொடுத்தேன். வங்கியிலிருந்து வருடத்துக்கு அறுபதாயிரம், நிறுவனத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம், என்னிடமிருந்து முப்பதாயிரம். ஆக இரண்டு லட்சத்து எழுபதாயிரம், மாதம் இருபத்திரண்டாயிரத்து ஐநூறு. ஒன்றாம் தேதி அவள் கையில் இருக்கும். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை.

இது எப்படி வருகிறது என்று அவள் ஒருமுறை கேட்டாள். "ஆறும் பன்னெண்டும் பதினெட்டு. அதுல பாதி ஒம்பது. முப்பது லட்சத்துக்கு ஒம்பது சதவீதம்" என்றேன். தலையாட்டினாள். கணக்கு தெரியாதவர்கள் எல்லோரும் சராசரி என்றால் கூட்டிப் பாதியாக்குவதுதான் என்று நினைக்கிறார்கள். நானும் அவளை அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

பிறகு நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். என்னோடு வந்து தங்கியவள், நான் மையத்துக்குப் போனதும் வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று, மையத்து அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிவந்தேன். விண்ணப்பங்களை அடுக்குவது, வருகைப் பதிவு, அவ்வளவுதான் வேலை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பாடம் நடத்துவேன், அந்தப் பக்கம் அவள் இருப்பாள். பிளைவுட் எவ்வளவு மெல்லியது என்பது வாங்கும்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று நடத்தியது எடையிட்ட சராசரி. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பாடத்தை என்னைப் போல் நடத்த ஆள் கிடையாது. இரண்டு வட்டிக்கு நடுவில் சராசரி நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே தொகை இருக்க வேண்டும், எந்தப் பக்கம் பணம் அதிகமோ அந்தப் பக்கம் அது சாயும் என்று விளக்கினேன். அதையே திருப்பிப் போட்டால், வந்த வட்டியை வைத்துக்கொண்டு எதில் எவ்வளவு போட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். "காசு எங்க இருக்குன்னு வட்டியே காட்டிக் கொடுத்துடும்" என்றேன். வகுப்பு சிரித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

டாக்டர், கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது. விண்ணப்பத்தில் ஏதோ எழுதுகிறாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு மீதிப் பாடத்தை எப்படியோ முடித்தேன். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாலு நாளும் அவள் "தம்பி" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஐந்தாம் நாள் டீயோடு ஒரு தாளையும் கொண்டுவந்து வைத்தாள். "இதைக் கொஞ்சம் பாரேன். எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன் போல" என்றாள். கவனியுங்கள், தப்பு அவளுடையது என்றுதான் நினைத்தாள். என்மேல் துளி சந்தேகம் இல்லை. பத்து லட்சத்துக்கு ஆறு சதவீதம் அறுபதாயிரம், இருபது லட்சத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், மொத்தம் மூன்று லட்சம், சராசரி பத்து சதவீதம். மாதம் இருபத்தைந்தாயிரம் வர வேண்டும், இரண்டாயிரத்து ஐநூறு குறைகிறது. அதற்குக் கீழே தலைகீழாகவும் போட்டிருந்தாள். ஒன்பது சதவீதம்தான் வருகிறதென்றால் இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து இருக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள், தடுப்புப் பலகை வழியாகக் காதால் கேட்டே போட்ட கணக்கு. என் வகுப்பில் பணம் கட்டிப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது வராது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"கூட்டிப் பாதியாக்கணும் அக்கா. ஒம்பதுதான்."

"கிளாஸ்ல வேற மாதிரி சொன்னியே?"

"அது வேற கணக்கு. நீ அந்தப் பக்கமிருந்து பாதிதானே கேட்டிருப்பே."

அவள் "அப்படியா" என்றாள். அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் சமையலறையில் என்னைக் கூப்பிட்டு, இரண்டு டம்ளர் வெந்நீரையும் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றி, என் விரலைப் பிடித்து உள்ளே விட்டாள். "நடுவுல நிக்கலையேடா. வெந்நீர்ப் பக்கம்தானே சாஞ்சிருக்கு. வட்டியும் அப்படித்தானே இருக்கணும்?" என்றாள். தண்ணீர் சுட்டது. விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"வெந்நீர் ஒரு டம்ளர்தான் அக்கா ஊத்தினே."

"ரெண்டுடா."

"ஒண்ணுதான். நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

அவள் காலி டம்ளர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றுதான் எனக்கு வழி தெரிந்தது. கணக்கை அவளிடமிருந்து பிடுங்க முடியாது. கணக்கின்மேல் அவளுக்கிருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

பதறாமல் செய்தேன். அவளுக்கென்று இருபது கணக்குகள் கொண்ட ஒரு தாள் அச்சடித்தேன், பின்பக்கம் விடைகள், இருபதும் தவறு. தினம் இரண்டு கணக்கு கொடுத்துத் திருத்தினேன். சரியாகப் போட்டால் பெருக்கல் குறி. கணக்கில் மட்டும் தப்புச் செய்தால் யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போக மாட்டார்கள் என்பதால் மற்றதையும் சேர்த்துக்கொண்டேன். அவள் கண்ணாடியை எடுத்து மாவு டப்பாவுக்குள் வைத்தேன். அவள் பூட்டிய கதவைத் திறந்து வைத்தேன். அடுப்பை அணைக்காமல் விட்டதும் நான்தான். ஜன்னல் திறந்திருந்தது, ஆபத்து எதுவும் இல்லை, அதையெல்லாம் பார்த்துத்தான் செய்தேன். ஒன்றுக்கும் அவளைத் திட்டவில்லை. "பரவாயில்ல விடு அக்கா" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பென்சில் சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவள், "என்னமோ தெரியலடா, எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்கு" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று என் பயம் பாதி குறைந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

உங்களுக்கு முன்னால் இருந்த பெரிய டாக்டர் தங்கமான மனிதர். நான் அவளைக் கூட்டிவந்த அன்று, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியும். ஆனால் சொல்வதற்கு முன்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். தப்பு என்பதுபோல நான் லேசாகக் கண்ணை மூடித் திறந்தேன். உடனே "தெரியலை" என்றாள். எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான். மறதி நோய் என்று அவர் எழுதியதை நீங்கள் ஃபைலில் பார்த்திருப்பீர்கள். உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இல்லத்துக்கு மாதம் இருபதாயிரம் கட்டுகிறேன். மீதி இரண்டாயிரத்து ஐநூறில் அவளுக்குப் பழம், சோப்பு, தேங்காய் எண்ணெய். அவள் காசில் நான் ஒரு டீகூடக் குடித்ததில்லை. வங்கியில் இருந்த பத்து லட்சத்தைப் போன வருடம் எடுத்து மாடியில் இன்னொரு வகுப்பறை போட்டேன். அதற்கும் ஆறு சதவீதம் நானேதான் தருகிறேன். சராசரி அப்படியே ஒன்பதில் நிற்கிறது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறேன் என்று நர்ஸுகள் என்னைப் புகழ்கிறார்கள். வந்ததும் ஒரு தாளில் அதே கணக்கைத்தான் எழுதிக் கொடுப்பேன். பத்து லட்சம் ஆறில், இருபது லட்சம் பன்னிரண்டில், சராசரி என்ன? முதல் வருடம் முழுக்கப் பத்து என்று எழுதி, என்னைப் பார்த்து, அழித்துவிடுவாள். இரண்டாம் வருடம் எதுவும் எழுதாமல் வெறும் தாளைத் திருப்பிக் கொடுப்பாள். நீங்கள் வட்டி என்றதும் நடுங்கிய கை அந்தக் கைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் யோசிக்கவே இல்லை. ஆறையும் பன்னிரண்டையும் கூட்டி, பாதியாக்கி, ஒன்பது என்று எழுதி, கீழே கோடும் போட்டாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளுக்குச் சரி போட்டேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சரியாடா? நிஜமாவே சரியா?" என்று மூன்று தரம் கேட்டாள். தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய், எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அக்காவின் புத்தி ஒருநாளும் பிசகியதில்லை, டாக்டர். அது அந்த முதல் தாளைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். பிசக வைத்தது நான். மாதம் இரண்டாயிரத்து ஐநூறுக்காக என்று நீங்கள் நினைப்பீர்கள். அது இல்லை. தம்பி திருடன் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தன் கணக்கு தப்பு என்று இருப்பதைவிட அது பெரிய வலி. யோசித்துப் பார்த்துத்தான் செய்தேன்.

அதனால் ஒரே ஒரு விண்ணப்பம். அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று போனில் சொன்னீர்களே, அது வேண்டாம். அவளுக்குப் புதுக் கணக்கு எதுவும் கொடுக்காதீர்கள். பத்துதான் சரி என்று இப்போது போய்ச் சொன்னால் பயந்துபோவாள், பாவம். நான் அவளுக்காகத்தான் சொல்கிறேன், எனக்கென்ன பயம்? அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சாத்திவிடுங்கள், டாக்டர். தாழ்ப்பாளும் போட்டுவிடுங்கள். வராந்தாவில் யாரோ வருகிறார்கள், அக்காவின் நடை மாதிரி இருக்கிறது.