படலைதோறும் நின்ற பரிசோதகர் கிருபைரட்ணம் ஐயாவுக்கு

வெயிலிலும் வெள்ளத்திலும் வலிகாமத்து ஒழுங்கைகளை வலம்வந்த வாஞ்சைமிகு பெருந்தகையே! டெங்கு நுளம்பு பெருகிய நாள்களில் கிணறுதோறும் குனிந்து பார்த்த கண்ணியவானே! எங்கள் பணிமனையின் மூத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உயர்திரு அருள்நேசன் கிருபைரட்ணம் ஐயா அவர்களே! பணி ஓய்வு பெறும் தங்களை வணங்குகிறோம்.

இம்மடலை எழுதத் தொடங்கியபோது தாங்கள் எங்களைத் தடுத்தீர்கள். "என்னைப் பற்றி வாசிக்கிறதெண்டால் இராசநாயகம் அண்ணையைப் பற்றியும் வாசியுங்கோ. இல்லாட்டி நான் மேடைக்கு வரமாட்டன்" என்றீர்கள். ஆகவே வாசிக்கிறோம்.

கொரோனா எங்கள் குடாநாட்டை முடக்கிய காலம். புத்தூர்க் கமக்காரர் இராசநாயகமும் மனைவி குணலட்சுமியும், கொழும்பிலிருந்து வந்துபோன உறவினருக்குத் தொற்று உறுதியானதால், தம் வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டனர். அறிவித்தலை வாசற் படலையில் ஒட்டியவர் தாங்களே. படலைக்கு உள்ளே நின்று அவர் கைகூப்பினார்.

"ஐயா, வெங்காயம் முத்துற நேரம். தோட்டம் உதிலைதான். ஒருக்கா இறைச்சுப்போட்டு ஓடி வாறன்."

"ஏலாது அண்ணை. உங்களை விட்டால் எல்லாரையும் விடவேணும்" என்றீர்கள்.

விதி அப்படிச் சொன்னது; தங்கள் மனம் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் இறைத்துவிடும்படி பக்கத்துக் காணிக்காரரைக் கேட்டீர்கள். அவர் அந்த மண்ணை மிதிக்கவே அஞ்சினார். அதன்பின், பகலெல்லாம் அலைந்து களைத்த தாங்களே மாலைகளில் காற்சட்டையை மடித்துவிட்டு, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் பாய்ச்சினீர்கள்.

பயிர் பிழைத்தது. நட்டவர் பிழைக்கவில்லை. கிளினிக்கில் எடுத்த பிரஷர் மருந்து தீர்ந்துபோயிருந்தது. அதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. ஒரு காலை முற்றத்தில் விழுந்தவர், ஆஸ்பத்திரியில் கண்மூடினார். அவருக்குக் கொரோனா இல்லை என்ற முடிவு பின்னரே வந்தது.

தாங்கள் போய் நின்றபோது குணலட்சுமி அம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"உங்களுக்குக் கனக்கக் கரைச்சல் குடுத்திட்டம் எண்டு சொன்னவர் ஐயா. மருந்தையும் கேட்டால் என்ன நினைப்பியளோ எண்டு பேசாமல் இருந்திட்டார்."

தொற்று இல்லை என்று தெரிந்த பின்னும் அந்த ஒழுங்கையில் ஒரு படலையும் திறக்கவில்லை. பாடை தூக்க ஆள் இல்லை. ஞாயிறுதோறும் மெதடிஸ்த தேவாலயத்தில் பாடும் தாங்கள், எங்களில் மூவரை அழைத்து, அந்தச் சைவரின் பாடையைத் தோளில் ஏந்தினீர்கள். சுடலை வரை நடந்தீர்கள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், காய்ச்சலைப் பற்றிக் கேட்கும் முன்னர், "மருந்து இருக்கோ? சாப்பிட்டியளோ? நித்திரை வருதோ?" என்று கேட்டீர்கள், எங்களையும் கேட்க வைத்தீர்கள். இன்சுலின் தீர்ந்தவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தனிமை தாளாது உயிரை விடத் துணிந்த தாய் ஒருவரோடு கொட்டும் மழையில் நின்று கதைத்தீர்கள். அவர் இன்றும் இருக்கிறார். அதே மாதங்களில், மூச்சுவாங்கும் முட்டு வருத்தமுள்ள துணைவியார் தேவமலர் அம்மையாருக்குத் தொற்றிவிடக்கூடாதென்று, பணிமனை மேசையிலேயே படுத்தெழும்பினீர்கள்.

அக்காலத்தில் தங்கள் தலை நரைத்தது, குரல் தணிந்தது. சிரிப்பு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இப்படி எழுதுவது பாராட்டு மடலில் வழக்கமில்லை. ஆயினும் தங்கள் சேவைக்காலத்தில் அதுவும் அடங்கும்.

ஓய்வறியாது உழைத்த உத்தமரே! அம்மையாரோடும் மக்களோடும் நோயற்று, நிறைவுற்று, நீடு வாழ்க!

இனி ஒன்றே மிச்சம். அந்த மரணத்துக்குத் தாங்கள் காரணமில்லை என்று பலமுறை சொன்னோம், தாங்கள் ஏற்கவில்லை. இன்று சபையறியச் சொல்கிறோம். சுவரில் மாட்டிவைக்க எழுதியும் தருகிறோம்.

நீங்கள் காரணமில்லை, ஐயா.

தங்களோடு படலைகளில் நின்ற
பணிமனை உத்தியோகத்தர்கள், ஊழியர்கள்