திரையில் வைத்த பொட்டு

பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் புது லேப்டாப். "அம்மா பொட்டு வச்சதுல வேலை அப்ளிகேஷன் போயிருச்சுடி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொட்டு வச்சா எப்படிடி போகும்?"

"இத பின்னாடி மடிச்சா சிலேட்டு மாதிரி ஆயிரும். விரல் பட்டாப் போதும். புதுச் சாமானாச்சேன்னு அம்மா திரையில சந்தனப் பொட்டு வச்சுச்சு. அங்கதான் அனுப்புற பட்டன் இருந்துச்சு."

"ஐயையோ! முழுசா எழுதிட்டியா?"

"பேரும் தோட்டத்து லயத்து வீட்டு அட்ரஸும்தான். படிச்சது ஒண்ணும் எழுதல."

"திரும்ப அனுப்பேன்."

"ஒரு தடவதான் அனுப்பலாமாம்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது? திரையில பச்சையா சரி போட்டு வந்ததப் பாத்துட்டு, வேலை கெடச்சிருச்சுன்னு லயம் பூரா சொல்லிருச்சு."