ஆத்துக்கு இந்தாண்ட ஒயினு

அத வச்சிடுங்க மேடம். கோட்ட படம், தங்க எழுத்து, அதெல்லாம் பரிசு குடுக்கறவங்க வாங்கறது. நீங்க குடிக்கத்தான கேட்டீங்க? அப்ப கீழ்த்தட்டுக்குக் குனியுங்க. ஆங், அதான். ஃப்ரோன்சாக். அதுவும் போர்தோதான், பிரான்ஸ்ல பேரு போன அதே சீமைதான். மண்ணு நல்ல மண்ணு, ஆனா பேரு இல்ல. அஞ்சாறு வருசம் பாட்டில்லயே படுத்துக் கெடந்துச்சுன்னா, பெரிய பேருக்காரனையெல்லாம் ஓரமா ஒக்கார வச்சிடும்.

இதையும் பாருங்க, லூப்பியாக், இனிப்பு ஒயினு. ஆத்துக்கு அந்தாண்ட கரை சொத்தேர்ன், ஒலகமே அதத் தல மேல வச்சிக்கினு ஆடுது. இந்தாண்ட கரை இது. ரெண்டு கரைக்கும் காலைல ஒரே பனிதான் எறங்குது, ஒரே மாதிரிதான் திராட்ச சுருங்கி இனிப்பு ஏறுது. ஆனா இதக் கேக்க நாதியில்ல. நம்ம ஊரு வாய்க்கா மாதிரின்னு வச்சிக்கோங்களேன். கெழக்கால வெள்ளக்காரத் தெரு வீடுன்னா ஒரு மரியாத, மேற்கால நம்மாளுங்க வீடுன்னா வேற மரியாத. நடுவுல ஓடறது என்னவோ ஒரே சாக்கடதான்.

ஓ, முசியே ஷார்ல் சொல்லித்தான் இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு? நாளைக்கு மதியம் அவரு ரெஸ்டாரண்ட்டு விருந்துக்கா வந்திருக்கீங்க? தெரியும் தெரியும். யாரும் மதிக்காத போர்தோ ஒயினா பன்னெண்டு பாட்டில், பிரான்ஸ்லேர்ந்து ஆளுங்க, சென்னைலேர்ந்து பத்திரிகக்காரங்க. நீங்க எந்தப் பத்திரிக? சரி சரி. நோட்டு எடுக்காதீங்க, மொதல்ல கேளுங்க.

அவர எனக்குத் தெரியுமாவா? மூணு வருசம் அங்க தட்டு எடுத்தேன் மேடம். நான் வீராம்பட்டினத்துக்காரி, கலைவாணி. எங்கம்மா ஆயம்மான்னு பெரிய மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க, மீன் விக்கிறவங்கள்ல அவங்களத் தெரியாதவங்க கெடையாது. பத்து வயசுல என்னத் தேங்காய்த்திட்டு மீன் ஏலத்துக்குக் கூட்டிக்கினு போவாங்க. செவுளத் தூக்கி மோந்து பாத்து, இன்னைக்கு மீனா, ஐஸ் வச்ச நேத்து மீனான்னு நாந்தான் சொல்லணும். ஒரு நாளு கூடத் தப்புனதில்ல. அந்த மூக்க எடுத்துக்கினுதான் ஷார்ல் கிட்ட வேலைக்குப் போனேன். காலி கிளாஸ் எடுக்கறப்பல்லாம் மோந்து பாப்பேன். எந்தக் கிளாஸ்ல எந்த ஒயினு இருந்துச்சுன்னு ஆறு மாசத்துல பிடிபட்டுப் போச்சு.

ஒரு நாளு வெள்ளக்கார புருசன் பொண்டாட்டி, என்ன குடிக்கலாம்னு என்னக் கேட்டாங்க. நான் இந்த ஃப்ரோன்சாக்க எடுத்துக் குடுத்தேன். அங்க அதுக்கு மரியாத என்ன தெரியுமா? சமையக்கட்டுல மாட்டுக்கறிக்கு ஊத்துவாங்க. அவங்க ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே சொக்கிப் போனாங்க. அப்பப் பாத்து ஷார்ல் வந்தாரு. பாட்டிலப் பாத்தாரு, சிரிச்சாரு, பிரெஞ்சுல என்னவோ சொன்னாரு, அவங்களும் சிரிச்சாங்க. அப்பறம் எனக்குப் புரியணும்னே தமிழ்ல சொன்னாரு, மீன் கூடை தூக்கற கையி, வாசன ஒயின்ல ஏறுது, போய் சோப்பு போட்டு மூணு தடவ கழுவிட்டு வா.

கழுவினேன் மேடம். மூணு தடவயும் கழுவினேன். அதான் இன்னைக்கு வரைக்கும் எரியுது.

மறுநாளே வேலைக்கு வராதன்னுட்டாரு. அதோட விட்டாரா? ஊர்ல இருக்கற அத்தன ரெஸ்டாரண்ட்டுக்கும் போன் போட்டு, இவளச் சேக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. ஒரு எடத்துல கூட என்ன உள்ள விடல. கடைசில இந்த ஒயின் ஷாப்ல, பீரு பிராந்திக்கு நடுவுல, ஓனர் கையக் காலப் புடிச்சு இந்த ஒரு அலமாரிய வாங்கினேன்.

இருங்க, இனிமேத்தான் விசயமே. கொரோனா ரெண்டாவது தடவ வந்துச்சுல்ல, அது முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும். இந்தக் கடை பின்வாசப் பக்கமா ஷார்ல் வந்து நிக்கறாரு. மாஸ்க்கு போட்டிருந்தாரு, ஆளு பாதியா எளச்சுட்டாரு. கலை, எனக்கு வாசன போயிடுச்சு, காபி கூட தெரியலன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அன்னைலேர்ந்து இன்னை வரைக்கும் அவரு மூக்கு நாந்தான்.

ஆமா மேடம். நம்ப மாட்டீங்கன்னு தெரியும். உங்க பத்திரிகைல புகழ்ந்து எழுதினீங்களே, யாரும் கண்டுக்காத ஒயின்கள ஷார்ல் தேடித் தேடி எடுக்கறாருன்னு, அத்தனையும் நான் எடுத்தது. ஒவ்வொண்ணுலயும் ஒரு பாட்டில நான் தொறந்து, மோந்து, குடிச்சுப் பாத்து, இதுல இன்ன வாசன இருக்குன்னு துண்டுச் சீட்டுல எழுதி கண்ணையன் ஆட்டோல அனுப்பிடுவேன். அவரு அத மனப்பாடம் பண்ணிக்கினு, கிளாசத் தூக்கிக் கண்ண மூடிக்கினு பிரெஞ்சுல சொல்லுவாரு. கார்க்கக் கூட அவரேதான் புடுங்குவாரு, யாரையும் கிட்ட விடமாட்டாரு. வேற யாராச்சும் மொதல்ல மோந்து பாத்துட்டா மாட்டிக்குவாருல்ல.

காசெல்லாம் நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஒயின் லிஸ்ட்டுல மொத பக்கத்துல, சின்ன எழுத்துல போதும், கலைவாணின்னு போடுங்கன்னேன். அடுத்த வருசம் அடுத்த வருசம்னு நாலு வருசம் ஓட்டினாரு. நாளைய விருந்துக்குப் புத்தகமே அடிக்கிறேன், அதுல கண்டிப்பா போடறேன்னு மாதா மேல சத்தியம் பண்ணாரு.

போன வாரம் புத்தகம் வந்துச்சு. பாத்தீங்களா? மொத பக்கத்துல நன்றி சொல்லியிருக்காரு. பொண்டாட்டி ஜொசியானுக்கு, ரொட்டி போடறவருக்கு, எழுத்து கோத்தவருக்கு. அவரு வளக்கற நாயி பேரு கூட இருக்கு மேடம். என் பேரு இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், இல்ல.

நான் சண்டைக்குப் போகல. எப்பவும் போல பன்னெண்டு பாட்டில், பன்னெண்டு சீட்டு, நேத்தே அனுப்பிட்டேன். ஏழாவது மட்டும் ஒரு வெள்ள ஒயினு. அந்தப் பொட்டி முழுக்க கார்க்கு கெட்டுப் போச்சு, நாலு பாட்டில் தொறந்தேன், நாலும் மழையில நனஞ்ச சாக்கு மாதிரி நாறுது. வேற சமயமா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன், இந்தத் தடவ அதுலேர்ந்தே ஒண்ண எடுத்து வச்சிட்டேன். நாக்குக்கு அது அவ்வளவா தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும்.

சீட்டுல என்ன எழுதினேன்னா கேக்கறீங்க? தாழம்பூ, தேன், கடக்காத்துன்னு எழுதினேன். கடைசில ஒரு வரி கூடுதலா சேத்தேன். இந்த வாசன தெரியாதவன் மூக்கையே கழட்டி வச்சிடலாம்னு. அதையும் அப்படியே சொல்லுவாரு மேடம், நீங்க எழுதிக்கோங்க.