பிளாஸ்திரிக்கு அடியில் மஞ்சள்

திருமயம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் ஏறியவர்கள், பஸ்ஸில்தான் பழக்கம். மூத்தவள் சொன்னாள்:

"கை வீங்குனது எங்க வீட்டுக்காரருக்கு. நர்ஸம்மா சோப்புப் போட்டுக் கழுவிவிட்டது என் கையை."

"ஒங்க கையை எதுக்குக்கா?"

"அவரு கையில குளுக்கோஸ் ஏத்துற ஊசி இருந்த எடத்துல, பிளாஸ்திரியைத் தூக்கிக் கோயில் மஞ்சளை வச்சேன். சீக்கிரம் ஆறட்டும்னுதான். மறுநாளே வீங்கி, குளிர்காய்ச்சல் வந்துருச்சு."

"திட்டுனாங்களா?"

"இல்லை. ஊசியை உருவிட்டு அடுத்த கையில போட்டாங்க. மஞ்சள் பட்ட என் கையைக் கழுவிவிட்டுக்கிட்டே, 'இது ஆறுற புண்ணு இல்லம்மா, ரத்தத்துக்குள்ள போற வழி. இங்க வைக்கிறது ஒடம்பு பூராவும் போயிரும். சாமி மஞ்சளை நெத்தியில வைங்க'ன்னாங்க."

இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன.

"எம் மக கையில நானும் வச்சிட்டுத்தான் வாரேன்க்கா. நர்ஸம்மா அங்கிட்டுப் போன நேரமாப் பார்த்து."

"எப்ப?"

"இப்பத்தான். பஸ்ஸுக்கு வாரதுக்கு முன்னால."

மூத்தவள் எழுந்து கண்டக்டரைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"திருமயம் டிக்கெட்டுல்ல எடுத்தீங்க?" என்றார் அவர்.

"இந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகணும்."

"அப்ப நீங்க உக்காருங்க."

"தனியாப் போனா இவ நர்ஸம்மாகிட்ட வாயைத் திறக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, மூத்தவள்தான் முதலில் இறங்கினாள்.