மூன்றாவது வரிசை

"அசையாதீங்க! எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க!"

கத்துவது நான். 2002 நவம்பர். காலை ஏழு நாற்பது. ராஜஸ்தான் எல்லை, ஒரு கோதுமை வயல். சத்தம் ஒன்றே ஒன்று. டப். தகர டப்பாவை உதைத்த மாதிரி. புகை. மண். புகைக்குள் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். வலது காலைக் கையால் தேடுகிறான். கால் இல்லை.

நாங்கள் இருவரும் இராணுவத்தில் பொறியாளர் பிரிவு. பாலம் கட்டுவோம். பாதை போடுவோம். கண்ணிவெடி புதைப்போம். அண்ணன் கணேசன் ஹவில்தார். நான் அவனுக்குக் கீழே நாயக். அப்பா டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தா. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அக்கம்பக்கத்துப் பையன்கள் எல்லாம் அப்பா மாதிரியே ஆபீசுக்குப் போனார்கள். அண்ணன் படைக்குப் போனான். அவன் பின்னாலேயே நானும் போனேன்.

அந்த வருஷம் ஜனவரியில், போர் வரப்போகிறது என்று வயலெல்லாம் கண்ணிவெடி புதைத்தோம். வரிசைக்கு அறுபது. போர் வரவில்லை. நவம்பரில் எடுக்கச் சொன்னார்கள். ஒரு வரிசையில் கணக்குச் சரியானால்தான் வெள்ளை நாடா கட்டுவோம். நாடாவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

நடுவில் பிப்ரவரி. காலை ஆறு பத்து. மூடுபனி. வயலில் ஒரு வெடிச் சத்தம். நாயோ நீலகாய் மானோ மிதித்திருக்கும். அப்படி வெடித்தால் போய்ப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். எந்த வரிசை என்று நிச்சயம் செய்து கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். நான் போகவில்லை. குளிர். கையில் சூடாக டீ. சோம்பேறி நாய் நான். சத்தம் வந்த பக்கத்தை வைத்து, 'மூன்றாம் வரிசை, ஒன்று வெடித்தது' என்று எழுதினேன்.

கையெழுத்துப் போட வேண்டியவன் அண்ணன்.

"பாத்துட்டுத்தானே எழுதுன?"

"பாத்தேண்ணே."

வேறு யாராவது எழுதியிருந்தால், வா, வந்து காட்டு என்று இழுத்துக்கொண்டு போயிருப்பான். எழுதியது தம்பி. போட்டுவிட்டான்.

வெடித்தது நாலாம் வரிசை.

நவம்பரில் மூன்றாம் வரிசையில் ஐம்பத்தொன்பது எடுத்தோம். புத்தகத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. நாடா கட்டினேன். நானே என் கையால் கட்டினேன். அறுபதாவது மண்ணுக்குள் கிடக்கிறது. அண்ணன் நாடாவுக்குள் நடந்து வருகிறான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியிலேயே போய்விட்டான். அப்போது மணி பத்து ஐந்து. தலை என் மடியில். தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாது என்றார்கள். கொடுக்கவில்லை.

பள்ளம் மூன்றாம் வரிசைக் கோட்டிலேயே இருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவனைத் தூக்கிய அவசரத்தில் நாடா அறுந்து, மண் மிதிபட்டுக் கிடந்தது. சாயங்காலம் விசாரித்த அதிகாரி கேட்டார். நாடாவுக்கு உள்ளேயா, வெளியேயா?

"வெளியே, சார்."

வாய் கூசாமல் சொன்னேன். 'கவனக்குறைவால் எல்லை தாண்டினார்' என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் நாலாம் வரிசையில் ஒன்று குறைந்தது. மண்ணோடு நகர்ந்து போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அண்ணிக்கு டெல்லியில் அரசு வேலை கிடைத்தது. அதே லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். நான் படையை விட்டு வந்து பக்கத்திலேயே இருக்கிறேன். போன மாதம், 2009 மார்ச், மூவரும் பஸ்ஸுக்கு நிற்கிறோம். எதிர்ப்பக்கம் பஸ் வருகிறது. அண்ணன் மகள் கவிதா, பன்னிரண்டு வயது, ரோட்டில் கால் வைக்கிறாள். அண்ணி கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"உங்கப்பா மாதிரியே ஜல்தி உனக்கு. அந்த மனுஷன் ஒரு அடி பாத்து வெச்சிருந்தா நமக்கு இந்த கதியாடி?"

பிறகு என்னைப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்க தம்பி. கடைசில நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே. அது போதும்."

கவிதா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அச்சா, சித்தப்பா, இனிமே நான் அப்பா மாதிரி இருக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன். பஸ் வந்தது. ஏறினோம். ஆறு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் சோறு தின்றுகொண்டு இதைத்தான் செய்கிறேன். தலையாட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது என்பது சின்னச் சொல்.

கவிதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அண்ணிக்கு வரும். இந்தக் காகிதத்தை அண்ணி கையில் கொடுத்து, என் எதிரிலேயே மகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. இருக்கவும் கூடாது.

எங்கள் வீட்டு இழப்பு இது. எதிரி சுட்ட குண்டு, ஒன்றும் இல்லை. வலது கால், ஒன்று. உயிர், ஒன்று. வயது முப்பத்து நாலு. அப்பாவைப் பறிகொடுத்த குழந்தை, ஒன்று. அப்போது அவளுக்கு ஐந்து வயது. செத்தவனின் நல்ல பெயர், அதுவும் போனது. அதை எடுத்தது நான்.

அண்ணி, அவன் பார்த்துத்தான் கால் வைத்தான்.