கிருஷ்ணப்பன் சத்தமாகச் சொன்ன மந்திரம்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் வேதமாணிக்கம் ஐயா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர் கிருஷ்ணப்பனின் மனைவி அம்மு அக்கா, ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல்கூட இந்தத் திருவொற்றியூர் மண்டபத்துக்கு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். நான் நிலவன். எண்ணூரில் ரசாயனத் தொட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. நம் சங்கத் துணைச் செயலாளர் தோழர் கிருஷ்ணப்பன் போன செவ்வாய்க்கிழமை தொட்டிக்குள் இறந்தபோது, அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை வெளியே பிடித்திருந்தவன் நான்தான்.

அவர் எப்படிப்பட்டவர் என்று அவர் குடியிருந்த வியாசர்பாடியைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே புத்த விகாரையில் மந்திர தியானம் சொல்லிக்கொடுத்தவர். புத்தம் சரணம் கச்சாமி. அதைத்தான் தொட்டிக்குள்ளும் கொண்டுவந்தார். இறங்குகிறவன் மந்திரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கயிற்றை இழுக்க வேண்டும். விஷவாயுவைக் காட்டும் மீட்டர் நம்மிடம் ஏது? நமக்கு இருந்த மீட்டர் அவர் சொன்ன மந்திரம்தான்.

நம்மோடு தொட்டி கழுவும் எபினேசர் ஒருநாள் தயங்கினார். "அண்ணே, நான் சர்ச்சுக்குப் போறவன், இத எப்டிச் சொல்றது?"

"நீ அல்லேலூயா சொல்லு நைனா. உன் தொண்ட வேல செய்யுதான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

முதல்நாள் இறங்கும்போது நான் அழுதுவிட்டேன். "இன்னாடா, கொசு மாரி மொணகுற? எனக்கே கேக்கல. பயந்துக்கோ, தப்பில்ல. ஆனா கத்திச் சொல்லு" என்றார். சொல்லச் சொல்ல மூச்சு ஒழுங்கானது. அவருடைய தியானம் அதுதான்.

நாம் மீட்டர் கேட்டு மனு கொடுத்தோம். கம்பெனி என்ன கொடுத்தது? மன அமைதி வகுப்பு கொடுத்தது. உங்கள் தலைசுற்றலுக்குக் காரணம் வாயு இல்லை, மன அழுத்தம் என்றார்கள். வந்த பயிற்சியாளர், மந்திரத்தை வாய்விட்டுச் சொல்வது கீழ்நிலை, மனதுக்குள் சொல்வதே உயர்ந்தது என்றார். கிருஷ்ணப்பன் எழுந்து கேட்டார்: "மனசுல சொன்னா மேல நிக்கறவனுக்கு எப்டி சார் கேக்கும்?" எல்லோரும் சிரித்தோம்.

போன செவ்வாய்க்கிழமை அவர் தொட்டிக்குள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று சூப்பர்வைசர் தொட்டி வாயில் குனிந்தார். "சத்தம் போடாத கிருஷ்ணப்பா. கிளாஸ்ல சொன்ன மாதிரி மனசுக்குள்ள சொல்லு."

"முடியாது சார்" என்றது உள்ளிருந்து குரல்.

"அப்ப நாளைலேந்து வராத."

குரல் நின்றது. கீழ்ப்படிந்துதான் நிறுத்தினார் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. இழுத்தால் என் வேலையும் போகுமோ என்று பயம். அந்தப் பயத்தை அடக்க நானும் கண்ணை மூடி மனதுக்குள் சொன்னேன், நூற்றெட்டு முறை. மனம் அமைதியானது. தோழர்களே, என் மனம் அமைதியாக இருந்த அந்த நேரத்தில்தான் அவர் செத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து இழுத்தேன். கயிறு கனத்தது.

அம்மு அக்கா, இதை உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லத் தைரியம் வரவில்லை. இத்தனை பேர் நடுவில் சொல்கிறேன். என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை.

இன்று கம்பெனி கேட்டில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். நாளைக் காலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தொட்டியில் இறங்க என் பெயர். கயிறு பிடிக்க எபினேசர். மீட்டர் இல்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு அமைதி வகுப்பு உண்டாம்.

துணைச் செயலாளர் கிருஷ்ணப்பன் விட்டுச்சென்ற வேலையை நாம் தொடர்வோம் என்று சொல்லத்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எப்படித் தொடர்வது? மீட்டர் கைக்கு வரும்வரை எந்தத் தொட்டியிலும் கால் வைக்க மாட்டேன். இதை நாளை கேட்டில் அந்த சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக நின்றால், மிரட்டியதும் இறங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுங்கள். என் பக்கத்தில் நில்லுங்கள்.