படித்தால் அணையும் விளக்கு

மணி பதினொன்று. தெருவில் ஒரு நாய்கூட இல்லை… கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. மின்சார மீட்டர்களைச் சோதிப்பது அவர் வேலை.

தெருக்கோடியில் அவரும் சித்தியும் இருந்த வாடகை வீடு. சித்தி இறந்தபின் பூட்டியே கிடந்தது. விடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். தன் கையால் செய்து மாட்டிய மீட்டரைக் கழற்றிக்கொண்டு போக வந்திருந்தார். கரண்ட் எப்போதோ துண்டித்தாகிவிட்டது. உள்ளே இன்னும் மருந்து வாடை… சித்திக்கு மூச்சு கொடுத்த இயந்திரம் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் தரையில் தடம் மட்டும்.

மீட்டரைக் கழற்றி மடியில் வைத்து, உள்ளிருக்கும் சிப் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒயரால் லேப்டாப்பில் சொருகினார். சிப்புக்கு உயிர் வந்தது. கூடவே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிப்புக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் அளவுகள் சேரும்: கரண்ட் எவ்வளவு ஓடியது, எப்படி ஏறியது, எப்படி இறங்கியது. மற்றது நிலையைச் சொல்லும். ஏதாவது நடந்தால் விளக்கைப் போட்டுவிட்டு, ‘வந்து படி’ என்று காத்திருக்கும். நாம் படித்ததுமே விளக்கு அணையும், சேர்ந்த அளவுகளும் அழியும். அடுத்ததற்கு இடம் வேண்டுமே! அதனால் முதல் வாசிப்பை அந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. பழைய குப்பை என்று படித்துத் தள்ளிவிடுவார்கள்.

அவரும் தள்ளினார். டக்… விளக்கு அணைந்தது. திரையில் ஒரு கோடு ஓடி மறைந்தது. மெல்ல ஏறி… இறங்கி… நடுவில் ஒரு திக்கல்.

அந்தத் திக்கல் அவருக்குத் தெரியும். சித்தி மூச்சுக்குத் தவிக்கும்போதெல்லாம் இயந்திரம் அப்படித்தான் கரண்டை இழுக்கும்.

மறுபடி படித்தார். பூஜ்யம்.

“ஐயோ… வந்தவளை நானே துடைச்சுட்டேனே! இன்னொரு தடவை வாம்மா… ஒரே தடவை.”

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு… விளக்கு எரிந்தது.

விரலைக் கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார். படித்தால் போய்விடுவாள். படிக்காவிட்டால்? லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்ததும் சிப்பும் அணையும். வீட்டிலோ கரண்ட் இல்லை.

போன் அடித்தது. அண்ணன், அதாவது என் நண்பனின் அப்பா.

“டேய், ஒரு மீட்டரைக் கழட்ட ராத்திரி பூராவா? தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறியா அதை?”

“அண்ணா… அவ இதுல இருக்கா.”

மறுபக்கம் செருப்பைத் தேடும் சத்தம். அப்புறம், “நான் வரேன்டா. அங்கேயே இரு.”

அண்ணன் வந்தபோது திரை மங்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அணையறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடுடா. அவ மூச்சையாவது பாரு.”

“நான் பாக்கணும்கிறதுக்காக அவ இன்னொரு தடவை போகணுமா, அண்ணா?”

லேப்டாப்பின் விசிறி நின்றது. திரை கறுத்தது. இருட்டு…

சிவப்பு அணையவில்லை.

அண்ணன் ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் அணையவில்லை.

மீட்டர் இப்போது சித்தப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த ஒயரும் கிடையாது. இன்னும் அவர் படிக்கவில்லை. அதன் கண்ணாடி மூடியில் தினமும் விடியும்போது ஆவி படிந்திருக்குமாம்…

உள்பக்கமாக.